முடி பிடிக்கும் உத்தியோகம்

"…அந்த முடிக்கோசரந்தான் இந்தப் பொண்ண எனுக்கு அவ்ளோ புடிச்சிது. இப்ப இன்னாடான்னா அது உப்புத் தண்ணியில ஊறிக்கினு கீது, நான் இங்க கரையில நின்னுகினு வேடிக்க பாத்துகினு கீறேன்…"

சித்திக்கு மாமியாராக வரவிருந்த அம்மாள் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் அவருக்குப் பக்கத்தில், கடப்பாக்கம் கடற்கரை மணலில், சித்தியின் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த நேரத்தில் என் கையில் இருந்திருக்க வேண்டியது சித்தியின் பின்னல். அதைப் பிடித்துக்கொள்வதுதான் வீட்டில் எனக்குக் கொடுத்திருந்த உத்தியோகம். நான் பிடியை விட்டுவிட்டேன். பங்குனியில் கல்யாணம். அது இனி நடக்காது, நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேசும், அப்புறம் என்னை யாரும் முடி வளர்க்கவும் விடமாட்டார்கள் என்றெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எட்டு வயது. உலகத்தில் எந்தப் பழி கிளம்பினாலும் அது நேராக நம் தலையில்தான் வந்து இறங்கும் என்று நம்புகிற வயது.

அந்த அம்மாள் பாதியில் நிற்கட்டும். அதற்குள் இந்தப் பின்னல் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் சித்திக்கு என் அம்மாதான் அம்மா. சொந்த ஊர் அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே போகவேண்டிய ஒரு கிராமம். சித்தி படூரில் எங்களோடு அடுக்குமாடி வீட்டில் தங்கி, கேளம்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே முடி. நின்றபடி வாரினால் நுனிக்குக் கை எட்டாது. நாற்காலியில் உட்கார்ந்தால் நுனி தரையைக் கூட்டும். எங்கள் குடியிருப்பின் காவலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "உங்க சித்தி போயி கொஞ்ச நேரம் கழிச்சித்தான் பாப்பா, அவங்க முடி இந்த கேட்டத் தாண்டுது." மூன்றாவது மாடி மாமி இன்னும் ஒரு படி மேலே போய், அவ்வளவு முடிக்கும் தனியாக ஒரு வீட்டு வரி போடவேண்டும் என்பாள்.

எனக்கு கிராப்பு. படூர் தண்ணீர் செய்த வேலை அது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், லாரித் தண்ணீர் இரண்டும் கலந்து குழாயில் வரும். பக்கெட்டில் பிடித்து வைத்தால் காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்தமாதிரி ஒரு வளையம். அதில் குளித்துக் குளித்து என் முடி தேங்காய் நாராகிப் போனதும் அம்மா ஒருநாள் கூட்டிக்கொண்டுபோய் வெட்டிவிட்டாள். ஆனால் சித்தியின் முடிக்கு அந்தக் குழாயில் என்ன வரும் என்பதைப் பற்றிக் கவலையே கிடையாது. மாமா இருந்தார். மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். ஊரிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் கடைகளுக்கு வரும் குட்டியானை வண்டி அவருடையது. வெள்ளிக்கிழமைதோறும் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பெரிய கேன்களில் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வந்து இறங்கும். சோப்புப் போட்டால் நுரை பொங்கும் தண்ணீர். அதை மூன்று மாடி தூக்கி வருவது அப்பா.

"குடிக்கிற தண்ணிக்கே இந்த வூட்ல இவ்ளோ மரியாத கெடையாது" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பா சொல்வார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தூக்கியும் வருவார். அவருடைய பழைய வேட்டிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். குளித்த முடியைத் துவாலையால் துவட்டினால் உரசி உடையும், நைந்த வேட்டியில் சுற்றி வைத்தால் தானே ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அம்மாவின் சட்டம். ஈரமுடியில் சீப்பு வைத்தால் அம்மா கையைத் தட்டிவிடுவாள். காய்ந்தபின்பும் முதலில் விரல். நுனியில் ஆரம்பித்து, சிக்கெடுத்துச் சிக்கெடுத்து மேலே ஏறிவரவேண்டும். உச்சியிலிருந்து சர்ரென்று இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே போய்ச் சேர்ந்துகொண்டு ஒரே முடிச்சாகிவிடும். அப்புறம்தான் அகலப் பல் மரச்சீப்பு. ரப்பர் பேண்டு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது, பழைய புடவையில் கிழித்த துணி நாடாதான். ராத்திரியில் பின்னலுக்கென்று தனியாக ஒரு தலையணை உண்டு. விருந்தாளிகள் வந்து தலையணை போதாமல் போனால் அப்பாதான் தலையணை இல்லாமல் படுப்பார்.

இந்த ராஜாங்கத்தில் எனக்குக் கிடைத்த பதவி ஸ்கூட்டரில். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் சித்தி வேலைக்குப் போவாள். அவ்வளவு முடியையும் கொண்டையாகப் போட்டால் ஹெல்மெட் தலையில் ஏறாது. அதனால் பின்னல் போட்டுத் தொங்கவிடவேண்டும். தொங்கினால் சக்கரம். ஆகவே பின்னால் உட்காரும் நான் பின்னலை இழுத்து, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை மடியில் சுருட்டி வைத்துக்கொள்ளவேண்டும். இறுக்கிப் பிடிக்கக்கூடாது, நழுவவும் விடக்கூடாது. சித்தி கண்ணாடியில் என்னைப் பார்ப்பாள்.

"புடிச்சிக்கினியா?"

"புடிச்சிக்கினேன்."

அதைக் கேட்டபிறகுதான் வண்டி நகரும். என் தலையில் இல்லாத முடி என் மடியில் கனத்துக்கொண்டு வரும். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் பார்ப்பார்கள். எனக்கு ஒரே பெருமை.

இப்படி இருந்த முடியைப் பார்க்கத்தான் கடப்பாக்கத்திலிருந்து வந்தார்கள். பெண் பார்க்கத்தான் வந்தார்கள், ஆனால் எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது. மாப்பிள்ளைக்குச் சவுக்குக்கட்டை ஏற்றும் லாரி. கடலோரத்தில் சொந்தமாகச் சவுக்குத் தோப்பும் உண்டு. அவருக்கு அப்பா இல்லை, எல்லாம் அம்மாதான். அந்தச் சம்பந்தியம்மா நல்ல உயரம். பிடரியில் பெரிய கொண்டை, அதைச் சுற்றி ஒரு முழத்துக்குக் குறையாமல் மல்லிகை. உட்கார்ந்ததும், "காத்தாடிய நிறுத்துங்க, எனுக்கு ஒத்துக்காது" என்றார். மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டே மிக்சர் தின்றார்.

சம்பந்தியம்மா சித்தியைத் திரும்பச் சொன்னார். சித்தி திரும்பியதும் அவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வந்தார். அம்மாவுக்கு அது போதும்.

"ஒட்டுமுடின்ற பேச்சே எங்க பரம்பரையில கெடையாதுங்க. சவுரி கிவுரின்னு நெனச்சிக்காதீங்க. சந்தேகமா இருந்தா இழுத்துப் பாருங்க!"

சவுரி என்றால் கடையில் வாங்கித் தலையில் வைத்துக் கட்டிக்கொள்ளும் முடி. அதை அம்மா சொன்ன தோரணையில் அது ஏதோ திருட்டுச் சாமான் போலிருந்தது. சம்பந்தியம்மா இழுத்துப் பார்க்கவில்லை. பின்னலின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மேலிருந்து நுனிவரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து, கடைசியில் குனிந்து நுனியைக் கையில் ஏந்தி வைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்தப் போட்டு வளக்கறீங்க?"

"தண்ணிங்க" என்றார் மாமா, "வாரா வாரம் என் வண்டியிலதான்…"

அடுப்படியில் அம்மா முணுமுணுத்தாள்: "பாத்தியா, எப்டித் தடவித் தடவிப் பாக்குது! சவுரியான்னு சந்தேகம்." அந்த விஷயத்தில் எனக்கு அம்மாவோடு ஒத்துப்போகவில்லை. முடி பிடிக்கிற உத்தியோகத்தில் இருந்தவள் நான். அந்த அம்மாளுக்குப் பிடிக்கத் தெரிந்திருந்தது. அந்த ஒரு காரணத்தாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போய், பக்கத்தில் போய் நின்று அவர் கொண்டையில் இருந்த மல்லிகையை மெல்லத் தொட்டேன். வெடுக்கென்று தலையை நகர்த்திக்கொண்டார். "பூவத் தொடாத கண்ணு, வாடிடும்." பூ விஷயத்தில் கொஞ்சம் கருமி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் கடப்பாக்கத்திலிருந்து போன் வரும். சித்தி எடுப்பாள். எதிர்முனைக் குரல் வீடு முழுக்கக் கேட்கும்.

"முடி எப்டிம்மா கீது? கொட்டலியே? வெய்யில்ல போவும்போது துணி சுத்திக்கினு போ."

"நல்லா கீதுங்க அத்த."

போனை வைத்துவிட்டுச் சித்தி சுவரைப் பார்த்துச் சொல்வாள்: "முடி நல்லா கீது. நான் எப்டி கீறேன்னு ஒரு நாளாவது கேக்கறாங்களா பாரு."

"அக்கறயா கேக்கறாங்கடி. அதுக்கு ஒரு மூஞ்சியா?" என்பாள் அம்மா.

"முடிய மட்டும் அறுத்து பார்சல்ல அனுப்பிடுக்கா. நான் இங்கியே இருந்துக்கறேன்."

அம்மா பதறிப்போனாள். அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு உத்தியோகத்தை உறுதிப்படுத்தினாள். கல்யாணம் வரைக்கும் சித்தி எங்கே போனாலும் கூடவே போகவேண்டும், கதவிடுக்கு, பஸ் ஜன்னல், பிளாஸ்டிக் நாற்காலி எதிலும் சிக்காமல் பின்னலைப் பிடித்துக்கொள்ளவேண்டும். "ஒரு முடி ஒடையாம மணவறையில கொண்டுபோயி உக்கார வெச்சிட்டேன்னா உனுக்கும் முடி வளக்க வுட்றேன்." இதைவிடப் பெரிய சம்பளம் எனக்கு யார் தரமுடியும்?

இதற்கு நடுவில் கடல் ஒன்று இருந்தது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கட்டடங்களுக்கு அப்பால் அது ஒரு நீலக் கோடாகத் தெரியும். சித்தி முடி காயவைக்க மாடிக்கு வந்தால் வெயிலுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனைக்கும் நாங்கள் மாமல்லபுரத்துக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறோம். எல்லாரும் தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போடுவோம். சித்தி கரையில் உட்கார்ந்து எங்கள் செருப்புகளையும் பைகளையும் காவல் காப்பாள். உப்புத் தண்ணீர் பட்டால் முடி சேமியா மாதிரிப் பொடிப்பொடியாக உடைந்துபோகும் என்பது அம்மாவின் அசைக்க முடியாத கட்சி. "காலு நனச்சிக்கினா போறாதா? கல்யாணம் ஆனப்புறம் ஊட்டுக்காரர கேட்டுக்கினு எறங்கு" என்பாள். கடல் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே குடியிருந்தும் சித்தி ஒரு அலையில்கூட முங்கியதில்லை.

மாசி மகத்துக்குச் சம்பந்தியம்மா எங்களைக் கூப்பிட்டிருந்தார். சுற்றுப்பட்டுச் சாமிகளெல்லாம் அன்றைக்குக் கடப்பாக்கம் கடலுக்குத் தீர்த்தமாட வரும். மாமாவின் குட்டியானையில் ஜமக்காளம் விரித்துக் கிளம்பினோம். அப்பாவுக்கு அன்றைக்கு வேலை. காலையில் இருட்டோடு சித்தி எழுந்து, கேன் தண்ணீரில் முடி முழுவதையும் நனைத்து, அதன்மேல் தேங்காயெண்ணெயை வழிய வழியத் தடவிக்கொண்டிருந்தாள். வழக்கமாக விடும் எண்ணெயைப்போல் பல மடங்கு. அப்புறம் இறுக்கமாகப் பின்னி, இடையிடையே துணி நாடாவால் கட்டினாள். பார்ப்பதற்கு எண்ணெயில் ஊறின கயிறு மாதிரி இருந்தது.

"இன்னாத்துக்கு சித்தி இவ்ளோ எண்ண?"

"ஈசிஆர் ரோட்டுல கடக்காத்து அதிகம்டி."

நியாயமான பதில்தான். வண்டி புறப்படும்போது அவளே இரண்டு கேன் ஊர்த் தண்ணீரைத் தூக்கிவந்து மூலையில் வைத்தாள். "பரவால்ல, குடிக்கத் தண்ணி எடுத்துக்கினு வந்துட்ட" என்று அம்மா மெச்சினாள். பைக்குள் அப்பாவின் வேட்டி ஒன்று மடித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். காற்றுக்குத் தலையில் சுற்றிக்கொள்ள என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

கடப்பாக்கத்தில் கால் வைக்க இடமில்லை. மேளம் ஒரு பக்கம், ஒலிபெருக்கி ஒரு பக்கம், சுண்டல் வண்டி, கரும்புச்சாறு, பலூன். சாமிகள் குடைக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக மணலில் இறங்கி வந்தன. அவர்கள் ஊர்ச் சாமியின் பல்லக்கை மாப்பிள்ளையும் தோளில் சுமந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடி, காற்றுக்கு அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அலை வந்து தொடும் இடம்வரை போனார். ஒரு கை தண்ணீர் எடுத்து நெற்றியில் மட்டும் தெளித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

அவர்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை தண்ணீருக்குள் இருந்தே கத்தினாள்: "இன்னாக்கா, இந்த வருசமும் ஜலதோசமா?"

"ஆமாண்டி. மூக்க அடச்சிக்கினு கீது."

"வருசா வருசம் மாசி மகத்தன்னிக்கி மட்டும் கரெக்டா வருதே அது!"

சம்பந்தியம்மா காதில் வாங்காதமாதிரிச் சித்தியின் பக்கம் திரும்பினார். "நீயும் எறங்காத கண்ணு. முடி கெட்டுப்பூடும். நாம ரெண்டு பேரும் இங்கியே ஜோடியா நிப்போம்." அம்மாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. என்னைப் பார்த்தாள். நான் பின்னலைத் தூக்கிக் காட்டினேன், பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று.

சாமி மூன்று தரம் முங்கியது. கூட்டம் மொத்தமும் ஹோவென்று கூச்சலிட்டுக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. கிழவர், குழந்தை, கைக்குழந்தையோடு பெண்கள், எல்லாரும். சித்தி செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"வுடு."

"எத்த?"

"முடிய வுடுடி. கொஞ்ச நேரம் அதுவும் என்கூட வரட்டும்."

இப்படி ஒரு உத்தரவை நான் எதிர்பார்க்கவில்லை. பிடித்துக்கொள்ளச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். யோசிப்பதற்குள் பின்னல் எண்ணெய் வழுக்கலில் கையைவிட்டு நழுவிப்போய்விட்டது. சித்தி ஓடவில்லை. கடைக்குப் போகிறவள்மாதிரி நிதானமாக நடந்து போனாள். முதல் அலை முழங்கால். இரண்டாவது அலை வந்தபோது உட்கார்ந்தே விட்டாள். தலைக்குமேல் தண்ணீர் போனது. எழுந்தபோது வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னல் அவளுக்குப் பின்னால் தண்ணீரில் மிதந்தது. பல்லக்குக் கொம்பு தோளில் இருந்ததால் மாப்பிள்ளையால் அசைய முடியவில்லை. தலையை மட்டும் முடிந்தவரை திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் முகமெல்லாம் பல். பக்கத்தில் நின்ற ஆள், "மச்சான், கொம்பு சாயுது, நேரா புடி!" என்று திட்டினான்.

கரையில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, பூட்ச்சி! எல்லாம் பூட்ச்சி! ஏண்டி, உன்ன இன்னாத்துக்குக் கூட்டியாந்தேன்?" கடைசிக் கேள்வி எனக்கு. அப்புறம் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்குப் பயத்தில் நாக்கு தானாகவே ஓட ஆரம்பித்தது.

"நீங்க கவலப்படாதீங்கம்மா. அப்டியே ஒடஞ்சிக் கிடஞ்சிப் போனாலும் கல்யாணத்தன்னிக்கி ஒரு சவுரிய வெச்சி சமாளிச்சிக்கலாம். இப்ப வர்ற சவுரியெல்லாம் யாருக்குத் தெர்து? பக்கத்துல வந்து பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது!"

சம்பந்தியம்மா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமா" என்றார். "யாருக்குத் தெர்து?"

அதன்பிறகுதான் கடலைப் பார்த்துக்கொண்டு, நான் முதலில் சொன்ன பேச்சைச் சொல்ல ஆரம்பித்தார்.

முடி உடைந்ததா, கல்யாணம் நடந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு வேறு விஷயம் இருக்கிறது. கல்யாணம் பங்குனியிலேயே நடந்தது. லாரிக்காரர் எனக்குச் சித்தப்பா ஆனார். முடியும் உடையவில்லை. அன்று மத்தியானமே தோப்பில் உட்காரவைத்து, அந்த இரண்டு கேன் தண்ணீரையும் ஊற்றி அலசி, அப்பாவின் வேட்டியில் சுற்றிவைத்தார்கள். சிக்கெடுத்தபோது வழக்கமாக ஒரு வெள்ளிக்கிழமை உதிர்வதற்குமேல் ஒரு முடி உதிரவில்லை. ஏற்கெனவே நல்ல தண்ணீரைக் குடித்து, மேலே எண்ணெயும் பூசிக்கொண்ட முடிக்குள் உப்பு நுழைய இடமேது? இறுக்கப் பின்னியதை அலை கலைக்கவும் முடியாது. கேன், எண்ணெய், நாடா, வேட்டி, ஒன்றுவிடாமல் என் கண்முன்னால்தான் நடந்தது. சித்தி அந்த முங்கலை எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாள் என்பது எனக்குப் புரியப் பல வருஷங்கள் ஆயிற்று. எனக்கே இடுப்புவரை முடி வந்து, நானே அதேபோல் எண்ணெய் தடவிக்கொண்டு கடலுக்குக் கிளம்பிய ஒரு காலையில், எண்ணெய்க் கையோடு நின்று தனியாகச் சிரித்தேன்.

ஆனால் அன்றைக்குக் கரையில் நின்ற எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தக் குரல்தான்.

"…அந்த முடிக்கோசரந்தான் இந்தப் பொண்ண எனுக்கு அவ்ளோ புடிச்சிது. இப்ப இன்னாடான்னா அது உப்புத் தண்ணியில ஊறிக்கினு கீது, நான் இங்க கரையில நின்னுகினு வேடிக்க பாத்துகினு கீறேன். எத்தினி வருசம் இப்டியே நிக்கிறது?"

கடைசிக் கேள்வியை யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. தலைமேல் இருந்த முந்தானையைத் தள்ளினார். பிடரிக்குக் கையைக் கொண்டுபோய்க் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பல்லில் கடித்துக்கொண்டார். அப்புறம் அந்தப் பெரிய கொண்டையை, சுற்றியிருந்த மல்லிகையோடு அப்படியே முழுசாக எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"கண்ணு, இத்தப் புடி. கீழ போட்டுடாத, மண்ணு பட்டா சிக்கு வுழுந்துடும்."

செருப்பை நழுவவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தலையிலிருந்து ஒரு பாகம் கழன்று வந்துவிட்டது என்றே நினைத்தேன். கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. அவர் தலையில் மிச்சமிருந்தது கொஞ்சமே கொஞ்சம் நரைமுடி. அதை நெல்லிக்காய் அளவுக்கு முடிந்து ஒரே ஊசியைக் குத்திக்கொண்டு, மிச்ச ஊசிகளை அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மாவைப் பார்த்தேன். வலிக்கவில்லையா அவங்களுக்கு என்று கேட்க நான் வாயைத் திறந்ததும், அம்மா சட்டென்று தன் முந்தானையால் என் இரண்டு கைகளையும் அந்தக் கொண்டையையும் சேர்த்து மூடிவிட்டாள். அம்மாவின் கண் ஏன் கலங்கியது, நான் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே ஏன் என்னை "சும்மா இரு" என்றாள் என்று எனக்கு விளங்கவில்லை. காற்றில் கலையக்கூடாது, மண் படக்கூடாது, இறுக்கவும் கூடாது என்று என் உத்தியோகத்தின் சட்டங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முந்தானைக்குள் கையை ஏந்தி நின்றேன்.

சம்பந்தியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"யக்கா, ஜலதோசம் இன்னா ஆச்சி?" என்று அந்தத் தெருக்காரி கூவினாள்.

"பூட்ச்சிடி!" என்று திரும்பிப் பார்க்காமலே கூவினார்.

நேராகச் சித்தியிடம் போனார். மிதந்துகொண்டிருந்த பின்னலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். பிழிந்து கரைக்குக் கொண்டுவரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை, நான் ஸ்கூட்டரில் செய்வதுபோலவே, தன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். சித்தி அவரைப் பார்த்தாள், அவர் தலையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னவோ கேட்டாள். அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாயசைவை நான் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்தவள்.

"புடிச்சிக்கினீங்களா?"

சம்பந்தியம்மா தலையை ஆட்டினார். அவர்கள் இருவரையும்விட உயரமான ஒரு அலை எழும்பி வந்துகொண்டிருந்தது. பின்னலை விடாமல், மறுகையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சித்திக்கு முன்னால் அவர் முங்கினார்.